மைலேஜ் கேட்ட வர்க்கிக்காரர்

டிவிஎஸ் எக்ஸெல் ஓடாத தெரு தமிழ்நாட்டில் உண்டா? பால் கேன், கீரைக்கட்டு, கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, அதற்கு மேல் ஒரு ஆள்... எதை ஏற்றினாலும் முனகிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடும். 1980-இல் ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50 வந்ததில் தொடங்கிய கதை இது. காரில் போகிறவர்கள் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அந்தச் சின்ன வண்டியை நம்பி அடுப்பு எரிகிற வீடுகள் ஏராளம்.

குன்னூரில் ஒரு வர்க்கிக்காரர் வீடும் அப்படித்தான்.

வர்க்கி தெரியும்தானே? அடுக்கடுக்காக, மொறுமொறுவென்று, டீயில் தொட்டால் கரைந்து போகுமே, அதுதான். 2023-இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. இவர் விடியற்காலையில் பேக்கரிக்குப் போய், இரண்டு பெட்டி நிறைய வர்க்கி எடுத்து, சுற்றுவட்டார டீக்கடைகளுக்குப் போடுவார். தினமும் நாற்பது கிலோமீட்டர். வண்டி, 2012-இல் வாங்கிய எக்ஸெல் சூப்பர். எழுபது சிசிகூட முழுசாக இல்லாத டூ ஸ்ட்ரோக் எஞ்சின். மகள் பி.காம். படிக்கிறாள். அவள் ஃபீஸ், வீட்டு வாடகை, மளிகை எல்லாம் அந்த இரண்டு பெட்டிக்குள்ளேதான்.

2024 மே மாதம். வண்டி புகை கக்கியது. பிளக்கைக் கழற்றினால் கரியும் ஈரமுமாக இருந்தது. ஏற்றத்தில் 'பொட்... பொட்...' என்று திணறியது. மைலேஜ் நாற்பதுதான். பெட்ரோலோ நூறு ரூபாய்க்கு மேல். தெருமுனையில் இருந்த மெக்கானிக் தம்பியிடம் போனார்.

"தம்பி, கொஞ்சம் மைலேஜ் வர்ற மாதிரி வெச்சுக் குடுப்பா."

அந்தத் தம்பியும் அரை மணி நேரத்தில் வைத்துக் கொடுத்துவிட்டார். புகை போனது. திணறல் போனது. மைலேஜ் நாற்பத்தைந்து! "ஆயிலையும் கொஞ்சம் கம்மியா ஊத்துங்கண்ணா, புகையே வராது" என்று ஓர் இலவச ஆலோசனை வேறு. லிட்டருக்கு 20 மில்லி ஊற்றிக்கொண்டிருந்தவர், 12 மில்லிக்கு இறங்கினார்.

எல்லோருக்கும் சந்தோஷம். எஞ்சினைத் தவிர.

கார்புரேட்டர் என்னதான் செய்கிறது?

பெட்ரோல் தனியாக எரியாது, காற்று வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. இந்தச் சமையலைச் செய்கிற சமையல்காரர்தான் கார்புரேட்டர். எஞ்சின் உறிஞ்சும் காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாக வேகமாக ஓடும். அங்கே அழுத்தம் குறையும். கீழே தொட்டியில் இருக்கும் பெட்ரோல் சின்னத் துளைகள் வழியாக மேலே ஏறிக் காற்றோடு கலக்கும். அந்தத் துளைகளுக்குத்தான் ஜெட் என்று பெயர்.

ஆக்சிலேட்டரைத் திருகாமல் வண்டி நின்று உறுமும்போது வேலை செய்வது ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். கால்வாசியில் இருந்து முக்கால்வாசி திருகும்வரை ஆட்சி செய்வது நடுவில் தொங்கும் ஊசி. முழுக்கத் திருகினால் மெயின் ஜெட். ஊசியின் தலையில் சில வெட்டுகள் இருக்கும், அதில் ஒரு சின்னக் கிளிப். கிளிப்பை மேல் வெட்டில் மாட்டினால் ஊசி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். கீழ் வெட்டில் மாட்டினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். மெக்கானிக் தம்பி செய்தது இதைத்தான். கிளிப்பை உச்சி வெட்டுக்கு ஏற்றி, ஏர் ஸ்க்ரூவையும் வெளியே திருகிவிட்டார்.

அது தப்பா என்றால், அன்றைக்குத் தப்பில்லை. ஏனென்றால் கார்புரேட்டர் காற்றின் எடையை நிறுத்துப் பார்ப்பதில்லை. குன்னூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம்தான். உயரே போகப் போகக் காற்று மெலியும். மலையின் குளிர் அதைக் கொஞ்சம் ஈடுகட்டினாலும், மேட்டுப்பாளையத்துக் காற்றைவிடக் குன்னூர்க் காற்று பத்து சதவீதத்துக்கு மேல் லேசானது. சமவெளிக்கு அளந்து வைத்த ஜெட், மலையில் பெட்ரோலை அதிகமாகவே ஊற்றும். அதனால்தான் புகை, கரி, திணறல் எல்லாம். தம்பி குன்னூரின் மே மாத மதியக் காற்றுக்குச் சரியாக வைத்தார்.

ஆனால் வண்டிக்குக் கால் உண்டே! அது ஒரே ஊரில் நிற்காதே! மே மாதமும் ஒரே மாதமாக நீளாதே!

கல்லாறு

2025 பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, மேட்டுப்பாளையத்தில் ஒரு கடைக்காரர் பெரிய ஆர்டர் கொடுத்தார். நேரத்துக்கு வந்தால் வாரா வாரம் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. வர்க்கிக்காரர் மலையை விட்டுக் கீழே வியாபாரத்துக்குப் போவது அதுதான் முதல் தடவை.

விடியற்காலை ஐந்தரை மணி. ஜனவரிக் குளிர். கை விறைக்கிறது. சோக் போட்டு ஸ்டார்ட் செய்தார். அந்தக் குளிரில் காற்று மே மாத மதியத்தைவிடக் கனமாக இருந்தது. ஏற்கெனவே பெட்ரோலைக் குறைத்து வைத்த எஞ்சினுக்கு, காற்று மட்டும் கூடிவிட்டது.

இறங்க ஆரம்பித்தார். காட்டேரி, பர்லியாறு என்று வளைவுக்கு மேல் வளைவு. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை யார் திருகுவார்கள்? முழுக்க மூடிவிட்டுச் சும்மா உருட்டிக்கொண்டே வந்தார். பெட்ரோல் மிச்சம் அல்லவா!

இங்கேதான் டூ ஸ்ட்ரோக்கின் சூட்சுமம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் கீழே தனியாக இருக்கும். இந்த வண்டியில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் அதில் இருந்துதான் வரவேண்டும். ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோல் நிற்கும். பெட்ரோல் நின்றால் எண்ணெயும் நிற்கும். ஆனால் இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் ஆயிரக்கணக்கான தடவை வறண்ட தொண்டையோடு மேலும் கீழும் ஓடும். அதிலும் இவர் ஊற்றியதே 12 மில்லி.

கல்லாறு வந்தது. பாக்குத் தோப்புகள். சாலை நிமிர்ந்தது. நேரமாகிவிட்டது என்று ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினார். வண்டி பறந்தது. நிஜமாகவே பறந்தது! பன்னிரண்டு வருடத்தில் அந்த வண்டி அப்படி ஓடியதே இல்லை. கீழே இருந்து 'கிணிங் கிணிங்' என்று லேசாக ஒரு சத்தம் மட்டும். பெட்டிதான் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு கிலோமீட்டர். யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுத்தது போல வேகம் குறைந்தது. 'கீச்' என்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. மிதித்துப் பார்த்தார், மிதி அசையவே இல்லை.

பிஸ்டன் ஜாம்.

பெட்ரோல் குறைந்த கலவையில் எஞ்சின் சில நிமிடங்கள் சுறுசுறுப்பாகத்தான் ஓடும். கூடவே சூடும் ஏறும். அலுமினிய பிஸ்டன், அதைச் சுற்றியுள்ள இரும்பு சிலிண்டரைவிட அதிகமாக விரியும். நடுவில் எண்ணெயும் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அவ்வளவுதான்.

ஷெட்டில்

ஒரு குட்டியானைக்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டு, மேட்டுப்பாளையத்தில் ஒரு ஷெட்டில் இறக்கிவிட்டார். வர்க்கிப் பெட்டியை ஆட்டோவில் கடைக்கு எடுத்துப் போனபோது மணி பத்து. கடைக்காரர் வேறொருவரிடம் சரக்கு எடுத்துவிட்டிருந்தார். "பொங்கல் கழிச்சுப் பாக்கலாமுங்க" என்றார். அந்தப் 'பாக்கலாம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று வியாபாரம் செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

ஷெட்டில் இருந்தவர் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். முதலில் எஞ்சினைத் தொடவில்லை. பிளக்கைக் கழற்றினார். வெயிலில் காட்டினார். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"ஏனுங், மைலேஜுக்கு வெச்சீங்களாக்கு?"

"ஆமாங்கண்ணா. அஞ்சு கிலோமீட்டர் கூடுச்சு."

"கூடாம என்ன பண்ணும்? ஆனா இதுல பெட்ரோலுங்கிறது சாப்பாடு மட்டுமில்லீங்க, எண்ணெயும் அதுதான், தண்ணியும் அதுதான். உள்ள போற பெட்ரோலுதான் எஞ்சினக் குளுமையாவும் வெச்சுக்குது. நீங்க மூணையும் சேத்துக் கொறச்சுப்புட்டீங்."

வர்க்கிக்காரர் ஒன்றும் பேசவில்லை.

"அந்தப் பையனையும் சொல்லிக் குத்தமில்லீங்க. கீழ போவீங்கன்னு அவனுக்குத் தெரியுமா? நீங்க சொன்னீங்களா?"

சொல்லவில்லைதான்.

சிலிண்டர் போரிங், ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், கேஸ்கெட், கூலி என்று எல்லாம் சேர்த்து 3400 ரூபாய். வண்டி கைக்கு வர நான்கு நாள். பொங்கல் நேரத்தில், சரக்கு நன்றாகப் போகிற நான்கு நாள்!

பெரியவர் வைத்த முறை

நான்காம் நாள் வண்டியை எடுக்கப் போனபோது, பெரியவர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே கார்புரேட்டரை வைத்தார். வீட்டில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

முதலில் திருகைத் தொடவே இல்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்தார். அடைத்த ஃபில்டரோடு டியூன் செய்தால், பிறகு என்றைக்காவது ஃபில்டரை மாற்றும்போது காற்று கூடிவிடும், பெட்ரோல் பற்றாது. அடுத்து, டேங்கில் இருந்து பெட்ரோல் தடையில்லாமல் வருகிறதா என்று பார்த்தார். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் வழியாகக் காற்று கசிகிறதா என்று பார்த்தார். அங்கே முடி அளவு விரிசல் இருந்தாலும் எந்தத் திருகும் பலிக்காது.

ஜெட்டுகளைக் காற்றடித்து ஊதினார். கம்பி விட்டுக் குத்தவில்லை. குத்தினால் துளை பெரிதாகிவிடும். மெயின் ஜெட் கம்பெனி அளவே. ஊசியின் கிளிப்பை உச்சியில் இருந்து நடு வெட்டுக்கு இறக்கினார்.

பிறகு வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கினார். ஆறிய எஞ்சினில் டியூன் செய்வது தூங்குகிறவனுக்குச் சட்டை அளவு எடுப்பது போல என்றார்! ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்தார். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பக்கமும் திருகி, எஞ்சின் எங்கே அதிகமாகச் சுற்றுகிறது என்று காதால் பிடித்தார். அந்த இடத்தில் இருந்து ஒரு நூல் உள்ளே. அதற்குப் பிறகுதான் ஐடிலிங் திருகைக் குறைத்துச் சீராக்கினார்.

ஒரு எச்சரிக்கை: இந்தத் திருகு காற்று நுழையும் பக்கம் இருந்தால் வெளியே திருகத் திருகப் பெட்ரோல் விகிதம் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் நேர் எதிர், வெளியே திருகத் திருகப் பெட்ரோல் கூடும். எது என்று பார்க்காமல் திருகாதீர்கள்.

கடைசியில் நல்ல வேகத்தில் ஒரு ஓட்டம் ஓட்டி, வந்து பிளக்கைப் பார்த்தார். வெள்ளை என்றால் பெட்ரோல் பற்றவில்லை. ஈரக் கரி என்றால் அதிகம். காப்பிப்பொடி நிறம் வந்தால் சரி. வந்தது.

"குன்னூர்ல கொஞ்சம் புகையுமுங்க. புகைஞ்சாப் புகையட்டும். வண்டி போற எடத்துல எங்க காத்து கனமோ, அதுக்குத்தான் வெக்கோணும். மேல திணறுனாப் பிளக்கத் தொடச்சுக்கலாம். கீழ எறங்கையில பத்தலைன்னா சிலிண்டரத் தொடைக்க முடியாதுங்."

இறக்கத்துக்கும் ஒரு பாடம் சொன்னார். ஆக்சிலேட்டரை மூடியே வரக்கூடாது. வளைவுக்கு வளைவு, பாதுகாப்பான இடத்தில், லேசாக ஒரு திருகு திருகிவிட வேண்டும். ஒரு மடக்கு எண்ணெய் உள்ளே போகும். ஆயில் மறுபடி 20 மில்லி. புது பிஸ்டன் என்பதால் முதல் ஐநூறு கிலோமீட்டருக்கு விரட்டக்கூடாது.

பன்னிரண்டு மாதமும் ஓட

மாதத்துக்கு ஒரு டியூனிங் தேவையில்லை என்பதுதான் பெரியவர் கட்சி. சரியாக வைத்த ஒரே அளவைக் காப்பாற்றினால் போதும்.

மார்கழி, தை: சோக் போட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் கொஞ்சம் சூடானதும் சோக்கை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் கரி பிடிக்கும். முதல் ஒரு கிலோமீட்டர் நிதானம். எஞ்சின் தயங்கினால் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே விடலாம். பனிமூட்டத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் கழுத்து ஜில்லென்று ஆகிவிடும். ஈரக்காற்று அங்கே பனியாக உறைந்து வண்டி நின்றாலும் நிற்கும். ஐந்து நிமிடம் காத்திருந்தால் எஞ்சின் சூட்டில் பனி உருகித் தானே சரியாகிவிடும். அதற்காகத் திருகாணியைத் தேடாதீர்கள்.

சித்திரை, வைகாசி: சூட்டில் காற்று மெலிவதால் பெட்ரோல் விகிதம் சற்றுக் கூடும். பயப்பட ஒன்றுமில்லை. வெயிலில் நிறுத்திய வண்டியில் கார்புரேட்டர் பெட்ரோல் ஆவியாகிப் போகும், ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும். காக்கைத் திறந்து அரை நிமிடம் விட்டு மிதிக்கலாம். மைலேஜ் ஆசை வருவதும் இந்த மாதங்களில்தான். அப்போது கல்லாற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம்: நனைந்த ஃபில்டர் மூச்சை அடைக்கும். டேங்கில் இறங்கிய தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று இருமினால், கார்புரேட்டரின் அடித்தொட்டியை வடித்துப் பாருங்கள். குண்டு குண்டாகத் தண்ணீர் தெரியும்.

இப்போது புதிதாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2025-இல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் உண்டு. ஆகவே அதே ஜெட், அதே திருகு, அதே காற்று இருந்தாலும் கலவையில் எரிபொருள் குறைந்தது போலத்தான் எஞ்சின் உணரும். தண்ணீரையும் எத்தனால் எளிதில் இழுத்துக்கொள்ளும். பழைய வண்டியில் பிளக் வெளுத்துக்கொண்டே வந்தால், ஊசியை ஒரு வெட்டு உயர்த்த வேண்டியிருக்கலாம். 2020-இல் பிஎஸ்6 வந்த பிறகு வந்த எக்ஸெல் 100-இல் இந்தத் தலைவலி குறைவு. அதில் கார்புரேட்டர் இல்லை, பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் இருக்கிறது. பழைய வண்டிக்கு சென்சார் கிடையாது. ஓட்டுகிறவரின் கண்ணும் காதும்தான் சென்சார்.

மகள் போட்ட கணக்கு

வீட்டுக்கு வந்ததும் வர்க்கிக்காரர் மகளிடம் நடந்ததைச் சொன்னார். அவள் நோட்டை எடுத்தாள். பி.காம். படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் கவனிக்கவும்!

நாற்பதில் இருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் நூறு என்று வைத்தாலும் நாளைக்கு 11 ரூபாய் மிச்சம். ஆயிலில் 3 ரூபாய். எட்டு மாதத்தில் வண்டி ஓடிய நாள் இருநூறு. ஆக வரவு 2800.

பற்று: ரிப்பேர் 3400. நான்கு நாள் வருமானம், நாளைக்கு 500 என்று குறைத்துப் போட்டாலே 2000. மொத்தம் 5400.

நஷ்டம் 2600. மேட்டுப்பாளையத்துக் கடை கைவிட்டுப் போனதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல், அதை மட்டும் எழுதாமல் விட்டாள்.

"அப்பா, இத்தனை நாள் நீங்க மிச்சம் புடிக்கலை. வண்டிகிட்ட கடன் வாங்கியிருக்கீங்க. அது மொத்தமா வட்டியோட வசூல் பண்ணிடுச்சு."

தேய்மானம் என்பதைப் புத்தகத்தில் வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று போட்டு முடித்துவிடலாம். நிஜத்தில் அது எட்டு மாதம் கண்ணுக்கே தெரியாமல் நடந்து, கல்லாற்றில் ஒரே நிமிடத்தில் மொத்தமாக நிற்கும். தினமும் 14 ரூபாய் கையில் நிற்பது தெரிகிறது. தினமும் கொஞ்சம் தேய்கிற பிஸ்டன் தெரிவதில்லை. தெரிகிற லாபத்தை எண்ணிக்கொண்டு, தெரியாத செலவை மறப்பது மொபெட்டில் மட்டும் நடக்கிற தப்பு இல்லை.

பொங்கல் முடிந்து அடுத்த வாரம், வர்க்கிக்காரர் மறுபடி மேட்டுப்பாளையம் போனார். வளைவுக்கு வளைவு ஆக்சிலேட்டரை லேசாகத் திருகிக்கொண்டே இறங்கினார். கடைக்காரர் அன்றைக்கும் 'பாக்கலாம்' என்றுதான் சொன்னார். அதற்கு அடுத்த வாரமும் போனார். மூன்றாவது தடவை ஒரு பெட்டி எடுத்துக்கொண்டார்கள்.

வண்டி இப்போது குன்னூரில் கொஞ்சம் புகைகிறது. மைலேஜ் நாற்பத்தொன்று. அந்தத் தெருமுனைத் தம்பி பார்த்துவிட்டு, "என்னண்ணா, புகையுதே... வெச்சு விடட்டா?" என்று கேட்டாராம்.

"வேணாம் தம்பி" என்றார் இவர். "பிளக் மட்டும் கழட்டிப் பாரு, என்ன கலர்ல இருக்குன்னு."

உங்கள் வீட்டு மூலையிலும் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் நிற்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரை எடுங்கள். கார்புரேட்டரைத் தொட வேண்டாம். பிளக்கை மட்டும் கழற்றிப் பாருங்கள்.